குன்னூரில் இருக்கும் முன்னாள் ராணுவ வீரருக்கு மனநலச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்குமா?

ஏற்கும், ஆனால் பணமாகக் கையில் தராது. 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாதுகாப்பு அமைச்சகப் பணத்தில் நடக்கிறது. அந்தத் திட்ட அட்டையோடு பக்கத்து வெலிங்டனில் இருக்கும் அதன் மருத்துவ மையத்துக்கு (பாலிகிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அவசரம் எதுவும் இல்லாமல், கடிதமும் வாங்காமல் நேரே கோவை மருத்துவமனைக்கு இறங்கினால் பில் பெரும்பாலும் நம் தலையில்தான்.

அட்டை இல்லையா? சரி, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் போடும் பணம். அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

என் மாமா, காட்டெருமையை விரட்டத் தோட்டத்தில் போடும் பட்டாசுக்கே வியர்த்துப்போவார். மனநல மருத்துவர் என்றால் வரமாட்டார். 'தூக்கத்துக்கு மாத்திரை' என்றுதான் கூட்டிப்போனோம். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.