ஓர் எழுத்தாளர் கேட்கிறார்: நான் எழுதியது குடும்ப நாவல். திகில் கதை என்று நினைத்து வாங்கியவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

முதலில், பதில் எழுதாதீர்கள். "இது திகில் கதையே இல்லைங்க" என்று விமர்சனத்துக்குக் கீழே போய் விளக்கம் கொடுக்கக் கை துறுதுறுக்கும். கொடுத்தாலும் அவர் மனம் மாறப்போவதில்லை. அடுத்து அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் கண்ணில் உங்கள் புத்தகம் படாது, நீங்கள் போட்ட சண்டைதான் படும். வாசகர்கள் புத்தக விமர்சனம் எழுதும் குட்ரீட்ஸ் தளம் எழுத்தாளர்களுக்குச் சொல்வதும் இதைத்தான்.

எனக்கும் இதே கதைதான். பழைய வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணன், தங்கை, தம்பி மூவரும் இழுத்துக்கொண்டு நிற்பதுதான் என் நாவல். பதிப்பகம் போட்ட அட்டையில் இருட்டில் ஒரு வீடு, மாடி ஜன்னலில் மட்டும் வெளிச்சம். வந்த விமர்சனங்களில் ஒன்று எனக்கு மனப்பாடம்: "அந்த மாடி அறையை எப்போது திறப்பார்கள் என்று காத்திருந்தேன். திறந்தார்கள். உள்ளே பழைய ரசீதுகள்." ஒரு நட்சத்திரம். கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பும் வந்தது. அந்த ரசீதுகளுக்காகத்தான் நான் நாவலையே எழுதினேன்!

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கதையின் வகை என்பது வாசகருக்கு முன்கூட்டியே கொடுக்கிற வாக்கு. துப்பறியும் கதை என்றால் கடைசியில் குற்றவாளி யார் என்று தெரிந்தாக வேண்டும். ரொமான்ஸ் என்றால் முடிவு மனதுக்கு நிறைவாக இருக்க வேண்டும். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் அந்த வகைக்குச் சொன்ன இலக்கணத்திலேயே இது இருக்கிறது. அங்கே போய் நாயகனைச் சாகடித்தால், எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் திட்டுத்தான் விழும்.

அதற்காக எல்லாத் திட்டையும் இந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது. "அவருக்கு என் வகை புரியவில்லை" என்பது எழுத்தாளர்களுக்கு ரொம்ப வசதியான சாக்கு. "பேயே வரவில்லை" என்றால் விட்டுவிடலாம். "நடுவில் நிறையப் பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் படித்தேன்" என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் பார்க்கும் சோதனை ஒன்றுதான்: குடும்பக் கதை என்று தெரிந்தே வாங்கி, பிடித்திருந்தது என்று எழுதியவரும் அதே இடத்தில் அலுத்துக்கொள்கிறாரா? ஆம் என்றால் பிரச்சினை அட்டையில் இல்லை.

சரி, ஒரே மாதிரிக் குழப்பம் பலருக்கும் வருகிறது என்றால்? கதையைத் தொடாதீர்கள். அவர்களுக்காக ஒரு பேயை உள்ளே கொண்டுவந்தால் இரண்டு தரப்பையும் இழப்பீர்கள். மாற்ற வேண்டியது வெளிப்பக்கத்தை. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நீங்களே வெளியிட்டிருந்தால் 3 வகைப்பிரிவுகளும் 7 தேடுசொற்களும் உங்கள் கையில் இருக்கின்றன, வெளியிட்ட பிறகும் மாற்றலாம். "மர்மம்", "இருள்" மாதிரிச் சொற்கள் அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்னட்டைக் குறிப்பையும் ஒருமுறை எதுவும் தெரியாத ஆள் மாதிரி படித்துப் பாருங்கள். என் புத்தகத்தில் "பூட்டிய அறைக்குள் புதைந்திருக்கும் ரகசியம்" என்று இருந்தது. அடுத்த பதிப்பில் "ஒரு வீடு, மூன்று வாரிசுகள், போடாத ஒரு கையெழுத்து" என்று மாற்றச் சொன்னேன். அதற்குப் பிறகு பேய் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள்.

பழைய விமர்சனங்களை நீக்கச் சொல்லி மல்லுக்கட்டவும் வேண்டாம். "திகில் என்று வாங்கினேன், வெறும் சொத்துச் சண்டை" என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்கியதாக ஒரு வாசகர் எனக்கு எழுதினார். அவருக்குப் பேய் என்றாலே ஆகாதாம், சொத்துச் சண்டை என்றால் விடமாட்டாராம்.

அட்டையை மட்டும் பதிப்பகம் மாற்றவே இல்லை. பார்த்ததும் கையில் எடுக்கிறார்களாம். அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.