மரத்தில் ஆணி அடித்த வேலி ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். பர்மாவில் பெகு யோமா மலை அடிவாரத்தில், டைக்கூ ஊருக்கு மேற்கே எங்களுக்கு 7 ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. பாதிக்கு மேல் காடுதான். தேக்கு, பியிங்கடோ என்கிற கெட்டி மரம், மூங்கில் புதர். 14 மாடும் 4 எருமையும் வைத்திருக்கிறேன். தூண் வாங்கக் கட்டுப்படியாகாமல் போன வருஷம் மரங்களிலேயே ஆணி அடித்து மூன்று வரிசை முள்கம்பி இழுத்தேன். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. தை மாதம் மாடுகள் பக்கத்து நிலத்தில் புகுந்து உளுந்தை மேய்ந்துவிட்டன. நஷ்டமும் கட்டி, பேச்சுவார்த்தையும் நின்றுபோயிற்று. இந்த முறை எப்படிக் கட்டினால் நிற்கும்?

பதில்: தம்பி, மூன்று வரிசை போதாது என்பது அப்புறம். உங்கள் வேலியை விழவைத்தது மரம்தான். மரம் சும்மாதானே நிற்கிறது, தூண் செலவு மிச்சம் என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. ஆனால் மரம் சும்மா நிற்பதில்லை. மழைக்காற்றில் உச்சி ஒரு முழம் ஆடினால், ஆணி இருக்கிற இடுப்பளவு உயரத்திலும் ஒரு நூல் அசைவு இருக்கும். நாலைந்து மாதம் அப்படியே ஆடினால் ஆணி தளர்ந்து கம்பி தொங்கிவிடும். தளராத இடத்தில் வேறு கேடு: மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும். விழுங்கிய கம்பியை மறுபடி இழுத்து முறுக்கேற்ற முடியாது. என் பழைய வேலியில் இருந்த மரம் ஒன்றை அறுத்தபோது, பட்டையிலிருந்து நாலு விரல் உள்ளே முள்கம்பி முழுசாகக் கிடந்தது. ரம்பத்தில் ஏழெட்டுப் பல் போனபிறகுதான் அது தெரிந்தது. அறுக்க வந்தவர் கூலியோடு ரம்பத்துக்கும் காசு வாங்கிக்கொண்டு போனார்.

தேக்கு என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு. நின்ற தேக்கு எவர் நிலத்தில் இருந்தாலும் அரசின் சொத்து என்றுதான் 1992 வனச் சட்டம் சொன்னது. 2018-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் தானாக முளைத்த தேக்கில் ஆணி அடிப்பதோ, கிளை கழிப்பதோ வேண்டாத வம்பு. வேலிக் கோட்டில் தேக்கு குறுக்கிட்டால் வன இலாகாவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ஆகவே, மரத்துக்கு நாலடி தள்ளிக் கோடு போடுங்கள். எங்காவது ஓர் இடத்தில் மரத்தை விட்டால் வழியில்லை என்றால், நாலு விரல் அகலப் பலகை ஒன்றை இரண்டே ஆணியில் மரத்தோடு சேர்த்து அடித்து, கம்பியைப் பலகையில் மாட்டுங்கள். மரம் பருக்கும்போது பலகையை வெளியே தள்ளும், கம்பி தப்பும்.

கோடு போடும்போது மேலேயும் பாருங்கள். காய்ந்த மூங்கில் குத்து, பட்ட கிளை, சாய்ந்த மரம் இவற்றின் கீழே வேலி போகக்கூடாது. கோட்டின் இரண்டு பக்கமும் ஐந்தாறு அடி புதரை வெட்டிவிடுங்கள். நடந்து பார்க்க முடியாத வேலியை யாரும் பார்ப்பதில்லை.

இனி மூலை. வேலி நடுவில் விழுவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது மூலையில்தான் விழுகிறது. நாலு கம்பியும் இழுக்கிற இழுப்பு முழுவதும் மூலைத்தூணில்தான் போய்ச் சேரும். அது ஒரு சாண் உள்ளே சாய்ந்தால் அந்தப் பக்கம் முழுக்கத் தொய்ந்துவிடும். மூலைக்கு 8 அடித் தூண் எடுத்து மூன்றரை அடி மண்ணுக்குள் இறக்குங்கள். குழியைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடப்பாறையின் மொட்டைப் பக்கத்தால் இடிக்க வேண்டும். முழுக்கப் போட்டுவிட்டு மேலே மிதித்தால் அடியில் இறுகாது. 8 அடி தள்ளி வேலிக் கோட்டிலேயே இன்னொரு தூண் நட்டு, இரண்டுக்கும் நடுவே தலைக்குச் சற்றுக் கீழே ஒரு குறுக்குக் கட்டையை வையுங்கள். பிறகு துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியை இரண்டு சுற்று, மூலைத்தூணின் அடியிலிருந்து இரண்டாவது தூணின் தலைக்குக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். இதைப் பலர் மாற்றிக் கட்டுகிறார்கள். மூலையின் தலையிலிருந்து அடுத்ததன் அடிக்கு இழுத்தால், மூலைத்தூண் சாய்வதற்கு நீங்களே கை கொடுத்த மாதிரி. மூலையில் இரண்டு திசைக்கும் இதேபோல் செய்ய வேண்டும். படல் வைக்கிற வாசலிலும் அப்படித்தான்.

ஊடுதூண்கள் 7 அடி போதும், இரண்டரை அடி உள்ளே. பத்தடிக்கு ஒன்று, சரிவில் எட்டடிக்கு ஒன்று. என்ன மரம் என்பதில்தான் பணம் போகும். பியிங்கடோவின் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, கரையான் அண்டாது, ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டையே அதுதான். ஆனால் அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி அரித்துப்போகும், அதனால் வைரம் ஏறிய கட்டையாகக் கேட்டு வாங்குங்கள். சொந்தமாக வெட்டாதீர்கள். பச்சை மூங்கிலை அப்படியே நட்டால் ஒன்றிரண்டு மழைதான். வேறு வழியில்லை என்றால் மழை நின்றபிறகு வெட்டி, ஓடையில் மூன்று வாரம் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து நடுங்கள். உளுத்துப்போவது குறையும், ஆனால் மண்ணுக்குள் இருக்கிற பாகம் எப்படியும் சீக்கிரம் போகும். என்னைக் கேட்டால் மூலைக்கும் வாசலுக்கும் பியிங்கடோவோ சிமெண்ட் தூணோ வாங்கிவிட்டு, மூங்கிலை ஊடே மட்டும் வைப்பேன்.

கம்பி நாலு வரிசை. தரையிலிருந்து 14, 26, 38, 50 அங்குலம். கீழ்க்கம்பி 14-க்கு மேலே போனால் கன்று நுழையும். கம்பியைத் தூணின் மாடு நிற்கிற பக்கத்தில் மாட்டுங்கள். எருமை முட்டினால் கம்பி தூணில் சாயும், ஆணியில் சாயாது. யு ஆணியைக் கடைசிவரை அடித்துக் கம்பியை நசுக்க வேண்டாம், கம்பி உள்ளே ஓட இடம் இருக்கட்டும். அப்போதுதான் அடுத்த வருஷம் மூலையில் நின்று முழு வரிசையையும் இழுக்க முடியும்.

ஓடை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, யோமா அடிவாரத்தில் இல்லாமல் இருக்காது. வேலிக் கம்பியை அப்படியே ஓடைக்குக் குறுக்கே இழுத்தால் முதல் வெள்ளத்தில் வருகிற சருகும் கிளையும் மாட்டி, இரு கரைத் தூண்களையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இரு கரையிலும் வேலியை முடித்துவிடுங்கள். ஓடைக்கு மேலே தனியாக ஒரு கம்பி கட்டி, அதில் மூங்கில் படலைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் வந்தால் படல் தூக்கிக்கொடுக்கும், மிஞ்சினால் படல் மட்டும் போகும். படலுக்கு ஒரு நாள் வேலைதான்.

உயிர்வேலி வைத்தால் நாளடைவில் தூண் செலவு குறையும். கிளைரிசிடியா மரக் கழியை இலை உதிர்ந்த மாதங்களில், மணிக்கட்டுப் பருமனில் 5 அடி நீளம் வெட்டி, சில நாள் நிழலில் நிறுத்திவைத்து, வைகாசியில் முதல் மழைக்கு ஒன்றரை அடிக்கு ஒன்று நடுங்கள். கம்பிக்கு வெளிப்பக்கம் நட வேண்டும், உள்ளே நட்டால் துளிர்த்ததும் மாடே தின்றுவிடும். இடையிடையே காட்டாமணக்கும் வைக்கலாம். 2006 வாக்கில் எரிபொருள் எண்ணெய்க்காகச் செட்சூ என்று நாடு முழுக்க நடச் சொன்னார்களே, அதேதான். எண்ணெய்க்கு அது பேர் வாங்கவில்லை, வேலிக்கு நல்லது. மாடு வாய் வைக்காது. ஆனால் அதன் விதை விஷம், குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்.

மாசி, பங்குனியில் காட்டுத் தீ வரும் முன்னே வேலியோரச் சருகைக் கூட்டி அள்ளிவிடுங்கள். தீயில் சூடான கம்பி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் துத்தநாகப் பூச்சு போய்விடும், அடுத்த மழையிலேயே துரு ஏறும். வேலை முடிந்த அன்றே துண்டுக் கம்பி, ஆணி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். மாடு புல்லோடு சேர்த்து விழுங்கினால் கம்பி இரைப்பையைத் துளைத்து நெஞ்சுவரை போகும். தீனி எடுக்காமல், முதுகை வளைத்து நின்று, முனகுகிற மாட்டைக் கண்டால் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

யோமா யானைக்கு இந்த வேலி எதுவும் பொருட்டில்லை. அதற்காக வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுகிற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யானைக்கு முன்னே மனிதர்கள்தான் சாவார்கள்.

இந்த வருஷம் கையில் இருக்கிற பணத்துக்கு நாலு பக்கமும் அரைகுறையாகச் செய்யாமல், உளுந்துப் பக்கத்தை மட்டும் முழுசாக முடியுங்கள். மற்ற பக்கங்களில் மாட்டைக் கட்டி மேயவிடுங்கள். கோடு போடுகிற அன்று பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிடுங்கள். எல்லை பிற்பாடு தகராறு ஆகாது, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கவும் ஆள் வேண்டுமே.