எல்லாம் தெரிகிறது, எதையும் தொடங்க மாட்டேன் என்கிறார்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. எட்டு மாதங்களுக்கு முன் வேலையிடத்தில் ஏணியிலிருந்து மல்லாக்க விழுந்துவிட்டார். மூளையின் முன்பக்கம் ரத்தக்கசிவு என்றார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார், பழைய சங்கதியெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். சொன்னால்தான் குளிக்கிறார். நாலு தடவை சொன்னால் கத்துகிறார், ஒன்பது வயது மகனிடம்கூட. மருத்துவர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்கிறார் மாமியார். வேண்டுமென்றே செய்கிறாரா? பழையபடி ஆவாரா?
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வேண்டுமென்றே செய்யவில்லை, சகோதரி. நீங்கள் செல்லம் கொடுத்ததாலும் இது வரவில்லை. மாமியாரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பின்னால் விழுந்தவருக்கு முன்னால் எப்படி அடிபட்டது என்று யோசித்திருப்பீர்கள். கண்களுக்கு மேலே, மண்டையோட்டின் உள்தளம் வழவழப்பாக இருக்காது, மேடும் பள்ளமுமாக இருக்கும். தலை தரையில் மோதும்போது மூளை முன்னும் பின்னும் ஆடி அந்த மேடுகளில் உரசும். அதனால் எந்தப் பக்கம் விழுந்தாலும் மூளையின் முன்பகுதியான முன்மடல் அடிபடுவது சகஜம்.

கை காலை அசைக்கும் பகுதியும் பேச்சுக்கான பகுதியும் முன்மடலிலேயே கொஞ்சம் பின்தள்ளி இருக்கின்றன. உங்கள் கணவருக்கு அவை தப்பிவிட்டன என்று தெரிகிறது. அவற்றுக்கு முன்னால், நெற்றிக்குப் பின்னே இருக்கும் பகுதிதான் ஒரு வேலையைத் தொடங்கவும், வரிசையாகச் செய்யவும், வேண்டாதபோது நிறுத்தவும் சொல்வது. நடுப்பக்கம் கெட்டால் தொடங்க முடியாது. கண்ணுக்கு மேலுள்ள அடிப்பக்கம் கெட்டால் கோபத்துக்குக் கடிவாளம் இருக்காது. ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வரலாம். சோபாவும் கத்தலும் ஒரே காயத்திலிருந்து வருபவைதான்.

நான் பார்த்த ஒருவர், தேநீர் எப்படிப் போடுவது என்று கேட்டால் தண்ணீர் கொதிக்க வைப்பதிலிருந்து ஆற்றுவது வரை ஒன்று விடாமல் சொல்வார். சமையலறைக்குக் கூட்டிப்போனோம். பால் டின்னைக் கையில் எடுத்தார், அப்படியே நின்றார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். "அடுத்து என்ன?" என்று கேட்டதும், "தண்ணி வைக்கணும்" என்று சரியாகச் சொன்னார். கை மட்டும் அடுப்புப் பக்கம் போகவே இல்லை. தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் இருந்த பாலம் உடைந்துவிட்டது. மருத்துவர் அறையில் கேள்வி கேட்பதும் அடுத்தது என்ன என்று எடுத்துக்கொடுப்பதும் மருத்துவர்தான். அங்கே உங்கள் கணவருடைய முன்மடலின் வேலையை இன்னொருவர் செய்துவிடுகிறார். அதனால்தான் அங்கே எல்லாம் நார்மலாகத் தெரிகிறது.

1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த ஃபினியஸ் கேஜ் என்பவரின் தலையை, ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி ஊடுருவிச் சென்றது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இது பழைய கேஜே இல்லை என்றார்கள் நண்பர்கள். அதோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார் அவர். தினமும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை. அந்த ஒழுங்கு அவரைத் தேற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் வீட்டுக்கும் அதுதான் வேண்டும். எழுவது, குளிப்பது, கீழே காப்பிக் கடை வரை நடப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். கைபேசியில் அலாரம் வையுங்கள். நீங்கள் நாலு தடவை சொல்வதைவிட அது ஒரு தடவை அடிப்பது மேல், அதனோடு அவருக்குச் சண்டை வராது. அடுப்படியிலிருந்து "குளிங்க" என்று குரல் கொடுக்காதீர்கள். பக்கத்தில் போய்த் துண்டைக் கையில் கொடுங்கள். கைக்கு ஒரு பொருள் வந்ததும் உடம்பு தானாக அடுத்ததைச் செய்யத் தொடங்குவது உண்டு. "என்ன சாப்பிடுறீங்க?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" என்பது அவருக்கு எளிது. கத்தத் தொடங்கினால் வாதம் வேண்டாம், பத்து நிமிடம் வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

மகனிடம் அவசியம் பேசுங்கள். தன்னை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் ஒன்பது வயதுப் பிள்ளை நினைக்கும். அப்பாவின் தலைக்குள்ளே அடிபட்டிருக்கிறது, உன்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

அப்புறம், அவருக்கு வாசனை தெரிகிறதா என்று பாருங்கள். இந்த அடியில் மோப்ப நரம்பும் அறுந்துபோகலாம். தெரியவில்லை என்றால் அடுப்பை அவரை நம்பி விடவேண்டாம். மது கூடாது. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டவும் கூடாது. வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

பழையபடி ஆவாரா? முதல் ஆறு மாதங்களில்தான் தேறுவது வேகமாக இருக்கும். அப்புறம் வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. எட்டு மாதத்தில் கணக்கை முடித்துவிடாதீர்கள். முழுக்கப் பழைய ஆளாக வருவார் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. மனச்சோர்வும் வெளியே இதே மாதிரிதான் தெரியும், அதற்கு மருந்து உண்டு. அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம், கையெழுத்து விஷயங்களில் அவரால் யோசித்து முடிவெடுக்க முடியும் என்று மருத்துவர் சான்றளித்தால், எல்பிஏ பத்திரத்தை, அதாவது பின்னால் தன்னால் முடியாமல் போனால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரத்தை, இப்போதே எழுதிவிடுவது நல்லது. அந்தத் திறன் இல்லை என்றால் குடும்ப நீதிமன்றத்தின் வழியாகத்தான் போகவேண்டியிருக்கும்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை தடவை சொன்ன பிறகு குளித்தார், எதற்குக் கத்தினார், தானாக ஏதாவது தொடங்கினாரா என்று எழுதுங்கள். அதைக் காட்டி, நரம்பு உளவியல் நிபுணரையும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் பார்க்கக் கடிதம் கேளுங்கள். வாய்க் கேள்வியோடு விட்டுவிடாமல், சமையலறையிலும் கடையிலும் அவரைச் செய்யச் சொல்லிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும் என்று சொல்லுங்கள்.