உங்கள் மனைவி எதை விட்டார்?

கேள்வி: எனக்கு 39 வயது. 15 வருடங்களாக ஒரே நிறுவனத்தில் வேலை. இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், அம்மாவின் மருத்துவச் செலவு எல்லாம் பெரும்பாலும் என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. ஆனால் ஓவியம்தான் என் உயிர். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைய வேண்டும் என்று துடிக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் எல்லாவற்றையும் உதறிவிட்டுத்தானே போனார்? மனைவியிடம் சொன்னால் "உங்கள் இஷ்டம்" என்கிறார், அப்புறம் இரண்டு நாள் பேசுவதில்லை. குடும்பத்துக்காக நான் என்னைத் தியாகம் செய்துதான் ஆக வேண்டுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அந்த நான்கு பக்கத்தில் கோகன் ஐந்து இடங்களில் வருகிறார். உங்கள் மனைவி வருவது ஒரே ஓர் இடத்தில், அதுவும் இரண்டு நாள் பேசாமல் இருப்பவராக. அவருக்கு எதில் ஆசை, கல்யாணத்துக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், எதை நிறுத்திவிட்டு இந்தக் குடும்பத்துக்குள் வந்தார் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கோகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த பங்குத் தரகு வேலையைக் கலைக்காகத் தூக்கி எறிந்தவர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது வேறு. 1882-ல் பாரிஸ் பங்குச் சந்தை சரிந்தது, அந்தத் தொழிலில் வருமானம் வற்றியது, அதற்கப்புறம்தான் அவர் முழுநேர ஓவியர் ஆனார். 1883-ல் ஐந்தாவது குழந்தையும் பிறந்துவிட்டது. ஓவியம் சோறு போடவில்லை. மனைவி மெட்டே தன் நாடான டென்மார்க்குக்குத் திரும்பி, பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்ப்பு செய்தும் குடும்பத்தைத் தாங்கினார். 1891-ல் கோகன் பசிபிக் தீவான தஹிட்டிக்குக் கப்பல் ஏறினார். அவருடைய ஓவியங்களின் முன்னால் இன்றைக்கும் நாம் வாயடைத்து நிற்கிறோம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையைக் கட்டியவர்களில் மெட்டே முக்கியமானவர். அவரைக் கேட்டுக்கொண்டு யாரும் அந்தக் கணக்கை எழுதவில்லை.

நீங்கள் தொடர்ந்து படிக்க வேண்டிய வாழ்க்கை சார்ல்ஸ் ஐவ்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருடையது. ஊருக்கு இசை கற்றுக்கொடுத்து, பேண்டு நடத்தி வாழ்ந்தவர் அவருடைய அப்பா. தன் காலத்துக்கு எட்டாத இசையை எழுதிக்கொண்டிருந்த ஐவ்ஸ், அதைக் காட்டி வீட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட முடியாது என்று தெளிவாக இருந்தார். ஆயுள் காப்பீட்டுத் துறைக்குப் போனார். கூட்டாளியோடு நிறுவனம் தொடங்கி அதைப் பெரிதாக வளர்த்தார். மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் எழுதினார். அவருடைய மூன்றாவது சிம்பொனி முதல்முறையாக மேடையேறியது 1946-ல், எழுதி முடித்துப் பல பத்தாண்டுகள் கழித்து. அடுத்த வருடம் அதற்கு அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்போது ஐவ்ஸுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் இரண்டையும் செய்யலாம்" என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். 1918-ல் ஐவ்ஸின் உடல்நிலை உடைந்தது. 1920-களின் பிற்பகுதிக்குப் பின் அவர் புதிதாக எழுதுவது ஏறக்குறைய நின்றே போனது. பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று வாழ்வதற்கும் ஒரு விலை உண்டு. அதை உடம்பிலிருந்தும் உறக்கத்திலிருந்தும், வீட்டாரோடு இருக்கும் நேரத்திலிருந்தும்தான் எடுக்க வேண்டியிருக்கும். செலவே இல்லாத வழி எதுவும் என்னிடம் இல்லை. செலவு எவ்வளவு, அதில் யார் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவைக்கிற வழிதான் இருக்கிறது.

சரி, தியாகத்துக்கு வருகிறேன். இது எனக்குச் சொந்த விஷயம். என் அப்பா அருமையாகப் புல்லாங்குழல் வாசிப்பார். நாங்கள் பிறந்ததும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். குடும்பத்துக்காக என்றார். அதற்கப்புறம் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அந்தக் குழல் வெளியே வந்துவிடும், வாசிப்பதற்கு இல்லை. "உங்களுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டேன்!" பன்னிரண்டு வயதில் நான் கேட்டு வாங்காத கடனுக்குத் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். தினமும் அரை மணி நேரம் வாசித்திருந்தால் எங்கள் சோற்றில் ஒரு கவளம்கூடக் குறைந்திருக்காது. மேடை இல்லையென்றால் குழலே வேண்டாம் என்று முடிவெடுத்தது அவர்தான். அந்த முடிவை எங்கள் பெயரில் எழுதிவிட்டார். உங்கள் பிள்ளைகளுக்கு அதைச் செய்துவிடாதீர்கள். ஓவியத்தை விட்டுவிடாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

வேலையை இப்போது விடாதீர்கள் என்பதும் என் பதிலில் உண்டு. ஒருவர் சம்பளத்தில் நான்கு பேர் நிற்கும்போது, அந்தச் சம்பளம் உங்களுடையது மட்டும் இல்லை. குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறதா? நீங்கள் நாளைக்கே இல்லாமல் போனால் கடனை அடைக்கும் அளவுக்கு ஆயுள் காப்பீடு இருக்கிறதா? வேலையோடு சேர்த்து மருத்துவக் காப்பீடும் போய்விடும் என்றால் அம்மாவுக்கு என்ன ஏற்பாடு? இதில் எதற்கும் உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. துடிப்பு மட்டும்தான் இருக்கிறது. வரைவதற்காகக் கடன் வாங்குவதோ, ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைப்பதோ கூடவே கூடாது.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரையப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எட்டு மணி நேரம் என்றால் எட்டு. யாரும் தொடக்கூடாத நேரம் அது. ஆனால் அந்த எட்டு மணி நேரமும் வானத்திலிருந்து விழாது. அந்த நேரத்தில் பிள்ளைகளையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ளப் போகிறவர் உங்கள் மனைவி. அதனால் அவருக்கும் அதே எட்டு மணி நேரம் வேண்டும். அப்போது வீடு உங்கள் பொறுப்பு. இப்படி ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். அந்த வருடத்தில் தொடர்ந்து வரைந்திருந்தால், வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வது பற்றியோ, குறிப்பிட்ட காலத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுப்பது பற்றியோ பேசலாம். எவ்வளவு பணம் கரைந்தால் நிறுத்துவது என்பதை ஆரம்பிக்கும் முன்பே இருவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கரைய ஆரம்பித்த பிறகு யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

ஓவியம் விற்கவில்லையே என்று மட்டும் குமையாதீர்கள். விற்பது வேறு விஷயம்.

"உங்கள் இஷ்டம்" என்பதை நீங்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. எனக்கு அது சம்மதமாகப் படவில்லை. தன்னை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்ட ஒருவர் சொல்கிற வார்த்தை அது. ஓவியர் வின்சென்ட் வான் கோவுக்குப் பத்து வருடம் பணம் அனுப்பிய தம்பி தியோ, தெரிந்தே, மனசாரக் கொடுத்தார். அண்ணன் எழுதிய கடிதங்களில் வண்ணத்துக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று பணக்கணக்கு விடாமல் வருகிறது. அண்ணன் மறைக்காமல் கேட்டார், தம்பி அறிந்து கொடுத்தார். அப்படி இருந்தும் கல்யாணம், குழந்தை என்று ஆனபின் தியோவுக்கே மூச்சு முட்டியது.

இந்த வாரம் வருமானம், கடன், சேமிப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மனைவியின் முன்னால் வையுங்கள். கோகனைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மனைவி எதை விட்டுவிட்டு வந்தார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். அவர் சொன்னதைச் சேர்த்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். வேலையை விடலாமா என்ற கேள்வியை அந்தக் கடிதத்தில் திரும்பக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.