பச்சை கேட்டால் மஞ்சள் வந்ததா? டின்னைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

லண்டன் டூட்டிங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய பிரைட்டன் ரயில்வேயின் டெரியர் என்ற குட்டி நீராவி இன்ஜினின் மாடல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 4 மி.மீ. ஸ்கேல் (நிஜத்தில் ஓரடி, மாடலில் 4 மி.மீ.), பிளாஸ்டிக் பாடி. எங்கள் ஊர் பெயரிலேயே ஒரு டெரியர் ஓடியிருக்கிறது என்று தெரிந்ததும் அதையே செய்துவிட ஆசை. 'இம்ப்ரூவ்டு இன்ஜின் கிரீன்' பெயின்ட் என்று ஆர்டர் கொடுத்தால் டின்னுக்குள் கடுகு மஞ்சள் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? இன்னொருவர், அசல் இன்ஜினிலிருந்து உரித்த சாம்பிளுக்குப் பொருத்திய உண்மையான பச்சை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி 38 பவுண்ட் கேட்கிறார். அதோடு, ஒரு பழைய மாடலில் லைனிங், அதாவது அலங்கார மெல்லிய கோடுகள், போட்டுப் பழகினேன், கோடெல்லாம் ஊறிப் பரவிவிட்டது. எனக்கு 51 வயது, கையும் லேசாக நடுங்குகிறது. வெளியே கொடுத்துச் செய்துகொள்வதுதான் நல்லதா?"

முதலில் டின். உங்களை யாரும் ஏமாற்றவில்லை, இதுவரைக்கும். அந்த மஞ்சளின் பெயர்தான் இம்ப்ரூவ்டு இன்ஜின் கிரீன். வில்லியம் ஸ்ட்ரௌட்லி 1870-இல் பிரைட்டன் பணிமனைக்குப் பொறுப்பேற்றார். அதற்கு முன்பு ஸ்காட்லாந்தில் ஹைலண்ட் ரயில்வேயில் இருந்தபோதே இந்த மஞ்சளைப் பூசத் தொடங்கிவிட்டார், வரும்போது கூடவே கொண்டுவந்தார். பச்சை என்று ஏன் பெயர் வைத்தார் என்பதற்கு அவர் நிறக்குருடு என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம் கிடையாது. 150 வருடம் ஆகியும் உங்கள் டின் மூடியில் 'இது மஞ்சள்' என்று ஒரு வார்த்தை அச்சடிக்க மனம் வரவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு எரிச்சல். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் உங்களைப்போலவே டின்னைத் திறந்து திகைக்கிறார்கள், சிலர் திருப்பி அனுப்புகிறார்கள். எனாமல் தீப்பற்றுகிற சரக்கு என்பதால் அதைத் தபாலில் அனுப்புவதே ஒரு பாடு. விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற நண்பருக்கு ஒரு சின்ன டின் அனுப்ப நான் பட்ட பாட்டில் ஒரு இன்ஜினுக்கே பெயின்ட் அடித்து முடித்திருக்கலாம்.

இப்போது அந்த 38 பவுண்ட் ஆசாமி. அவர் கையில் இருப்பது நிஜமாகவே பச்சை என்றால், அநேகமாக ஆலிவ் பச்சை. ஸ்ட்ரௌட்லி காலத்தில் சரக்கு இன்ஜின்களுக்கு அடித்தது அது. உங்கள் டெரியருக்கும் அது வேண்டும், ஆனால் மஞ்சளைச் சுற்றி வரும் ஓரப் பட்டைக்கு மட்டும். அந்தப் பச்சை சாதாரண விலைக்கே கிடைக்கும்.

'அசலிலிருந்து உரித்த சாம்பிள்' என்று யார் சொன்னாலும் பர்ஸை உள்ளே வையுங்கள். அந்தக் காலத்தில் பெயின்ட்டின் மேல் வார்னிஷ் அடுக்கடுக்காகப் பூசுவார்கள், வார்னிஷ் வயதானால் பழுப்பேறும். அதன்மேல் எண்ணெய், கரி, நீராவி. அதற்கும் மேலே பின்னால் வந்தவர்கள் அடித்த வேறு வேறு நிறங்கள். இத்தனையையும் தாண்டி உரித்தெடுத்த ஒரு செதிலில் தெரிவது 1874-இன் மஞ்சள் இல்லை, அதற்குப் பிறகு அந்த இன்ஜின் பட்ட பாடு முழுவதும். பழைய போட்டோவைக் காட்டி நிரூபிக்கிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். அந்தக் காலத்துப் பிளேட்டுகளுக்கு நீலம்தான் நன்றாகப் பதியும், மஞ்சளும் சிவப்பும் கறுத்துத் தெரியும். போட்டோவில் கறுப்பாக இருக்கிறதே என்று பச்சைக்கு வாதாடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நீங்கள் லண்டன்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். அங்கே பாக்ஸ்ஹில் என்ற டெரியர் ஸ்ட்ரௌட்லி மஞ்சளில் நிற்கிறது. அதுவும் பின்னால் அடித்த பெயின்ட்தான், ஆனால் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. மாடலுக்கு ஒரு பொட்டு வெளுத்த மஞ்சளே அழகு. சின்ன பொருளில் நிறம் எப்போதும் கொஞ்சம் இருண்டு தெரியும்.

டின்னைத் திறப்பதற்கு முன்பு ஒரு காரியம். உங்கள் மாடலைப் பக்கவாட்டில் வைத்துப் புகைபோக்கியைப் பாருங்கள். அது கிட்டத்தட்ட முன் நுனியிலேயே நிற்கிறதா, இல்லை அதற்கு முன்னால் புகைப்பெட்டி இன்னும் நீண்டு போகிறதா? நுனியில் நின்றால் அது A1, அதாவது 1872-இலிருந்து 1880 வரை கட்டிய 50 டெரியர்களின் பழைய உருவம். நீண்டிருந்தால் A1X, 1911-இலிருந்து புது பாய்லர் போட்டு மாற்றியது. அதற்குள் ஸ்ட்ரௌட்லியின் பதவிக்குப் பின்னாளில் மார்ஷ் வந்து, 1905-இலேயே மஞ்சளை நிறுத்திவிட்டு அம்பர் (umber) பழுப்புக்குப் போயாகிவிட்டது. ஆக, நீண்ட மூக்கு வைத்த இன்ஜினுக்கு மஞ்சள் அடித்தால் தாத்தாவின் சட்டையைப் பேரனுக்குப் போட்டதுபோல ஆகிவிடும். செகண்ட் ஹேண்டில் விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லவே மாட்டார்கள், 'டெரியர்' என்று மட்டும் போட்டு விற்றுவிடுவார்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பத்துக் கடிதம் வரும். 1940களின் பிற்பகுதியில் பிரைட்டன் பணிமனைக்குள் ஷண்டிங் வேலை பார்த்த ஒரு டெரியருக்கு மட்டும் பழைய நினைவுக்காக ஸ்ட்ரௌட்லி மஞ்சளைத் திரும்ப அடித்தார்கள். அது A1X. தண்ணீர்த் தொட்டியில் ஊர்ப்பெயர் இல்லை, 'பிரைட்டன் வொர்க்ஸ்' என்று இருந்தது. அப்புறம் 1960-இல், பழைய ரயில்களைக் காப்பாற்றி ஓட்டுகிற ப்ளூபெல் ரயில்வேக்குப் போன ஸ்டெப்னி. அதுவும் A1X, அதற்கும் மஞ்சள் அடித்தார்கள், அதை லட்சக்கணக்கான குழந்தைகள் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் நீண்ட மூக்கும் மஞ்சளும் சேர்ந்த பொம்மைகள் கடையில் கிடைக்கின்றன, அவை தப்பும் இல்லை, அந்த மாதிரி இன்ஜின்களாக இருக்கும்வரை. உங்களுக்கு இது உதவாது. நீங்கள் கேட்பது டூட்டிங், எண் 65. இன்றைக்குத் தப்பிப் பிழைத்திருக்கிற பத்து டெரியர்களில் அது இல்லை. அதாவது மஞ்சள் டூட்டிங் என்றால் குட்டை மூக்கு டூட்டிங்தான். உங்கள் பாடி A1X என்றால் டூட்டிங்கை விட்டுவிட்டு ஸ்டெப்னியாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது பாடியை மாற்றுங்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்றால், தெரியும். கண்காட்சியில் உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும் முதல் ஆள் இதைத்தான் சொல்லுவார்.

சரி, கோடு ஊறிய விஷயம். கையைக் குறை சொல்லாதீர்கள். கை நடுங்கினால் கோடு வளையும், ஊறாது. ஊறுவதற்குக் காரணம் அடியில் இருக்கிற பரப்பு. மங்கலான மேட் பெயின்ட்மேல் கோடு போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரஃப் நோட்டில் இங்க் பேனாவால் எழுதிப் பார்த்திருப்பீர்களே, அதேதான். லைனிங் எப்போதும் பளபளக்கும் கிளாஸ் பரப்பின்மேல். மங்கலாக்குவதெல்லாம் கடைசி வார்னிஷில் பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சள் எதையும் மறைக்காத நிறம். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் இருந்தால் பாசி பிடித்த மாதிரி தெரியும். வெளிர் சாம்பல் பிரைமர், அதன்மேல் ஒரு மெல்லிய வெள்ளை, பிறகு மஞ்சளை மூன்று நான்கு மெல்லிய பூச்சாக. காய ஒரு வாரம் முழுசாக விடுங்கள். ஒரு வாரம் என்றால் நாலு நாள் இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெயின்ட் வாசம் வந்தால் இன்னும் காயவில்லை. இதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்றால், கோடு தப்பினால் ஒயிட் ஸ்பிரிட் நனைத்த காது பட்ஸால் துடைப்போம், அப்போது கோட்டோடு மஞ்சளும் சேர்ந்து வந்துவிடும். காய்ந்த பரப்பில் துடைத்தால் கோடு மட்டும் போகும், எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். கை நடுங்குகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பேனா, பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் டிராயிங் இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸில் பார்த்திருக்கும் அதே ரூலிங் பேனாதான். இரண்டு இதழ், நடுவில் ஒரு திருகு. லண்டன் கடைகளில் 'போ பென்' (bow pen) என்று கேளுங்கள். ஏர்பிரஷ், கம்ப்ரஸர், விசேஷ லைனிங் கருவி, ஏழு நுனி செட் என்று கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள், எதுவும் வேண்டாம். பழைய ஜெர்மன் டிராயிங் செட் சந்தையில் கிடைத்தால் வாங்குங்கள். நுனி இரண்டும் ஒரே நீளமா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் நைஸான எண்ணெய்க் கல்லில் லேசாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். கத்தி மாதிரி கூராக்கிவிடாதீர்கள், மஞ்சளைக் கீறிவிடும்.

பெயின்ட் காய்ச்சாத பாலைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். பேனாவை டின்னுக்குள் முக்கவே கூடாது. ஒரு சின்ன பிரஷால் எடுத்து இரண்டு இதழுக்கும் நடுவே வையுங்கள், மூன்று நான்கு மி.மீ. உயரம் போதும். இதழ்களின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். வெளியே ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அது கோடு போடும் ஸ்கேலில் பட்டு அடியில் ஓடி, நீங்கள் ஸ்கேலை எடுக்கும்போது மொத்தமும் நாசம். அதனால்தான் ஸ்கேலின் அடியில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டிப் பரப்பிலிருந்து கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்கிறேன். உங்கள் கோடுகளில் பாதி இப்படி ஸ்கேலுக்கடியில் ஓடியதாகக்கூட இருக்கலாம். முதலில் ஒரு கண்ணாடித் துண்டில் இழுத்துப் பாருங்கள். பேனாவை அழுத்தாதீர்கள், அதன் எடையே போதும், இரண்டு இதழும் ஒரே நேரத்தில் பட வேண்டும், ஒரே வேகம், நடுவில் நிற்கக் கூடாது. இரண்டு மூன்று கோட்டுக்கு ஒரு தடவை பேனாவைக் கழுவுங்கள். கையை மேஜையில் ஊன்றுங்கள், இன்ஜினை மரக்கட்டையில் சாய்த்து வையுங்கள். நடுக்கம் பாதி போய்விடும், மீதியை ஸ்கேல் பார்த்துக்கொள்ளும்.

நிஜ இன்ஜினில் அரை அங்குலம் இருக்கும் ஒரு கோடு உங்கள் மாடலில் 0.17 மி.மீ. வரும், இரண்டு தலைமுடியைச் சேர்த்து வைத்த அகலம். அதை எட்ட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், கால் மி.மீ. வந்தாலே ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அருமையாக இருக்கும். ஸ்ட்ரௌட்லி இன்ஜினில் ஆலிவ் ஓரத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை எல்லாம் வருகிறது. யார்க்கில் எடுத்த படத்தைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு, கறுப்பை முதலில் போட்டு, ஒரு நாள் விட்டுத்தான் மற்ற இரண்டும். மூலை வளைவுகளைக் காம்பஸில் மாட்டிய பேனாவால் முதலில் போடுங்கள், அப்புறம் நேர்கோட்டை அதில் கொண்டுபோய்ச் சேருங்கள். மாற்றிச் செய்தால் சேரவே சேராது. கொஞ்சம் நீண்டுவிட்ட நுனியை மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம். பாய்லர் பட்டைகளுக்குப் பேனாவோடு போராடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் ஃபிலிமில், அதாவது மாடலில் ஒட்டுகிற மெல்லிய படலத்தில், தட்டையாகக் கோடு போட்டு, காய்ந்ததும் வெட்டிச் சுற்றி ஒட்டுங்கள்.

ஆள் வைத்துச் செய்வது பற்றிக் கேட்டீர்கள். நல்ல பெயின்டர்கள் இருக்கிறார்கள், நேரடியாகப் பேசக் கிடைத்தால் கொடுங்கள். நடுவில் 'நான் ஏற்பாடு செய்கிறேன்' என்று ஒருவர் வந்தால் வேண்டாம். பல வருடம் முன்பு நானும் அப்படி ஒருவரிடம் முன்பணம் கொடுத்தேன். இன்று வரும், நாளை வரும் என்று 14 மாதம் போயிற்று. கடைசியில் வந்த இன்ஜினில் கோடு எல்லாம் கச்சிதம், ஆனால் இடது பக்கமும் வலது பக்கமும் வேறு வேறு அகலம், இரண்டு பேர் கை என்று தெரிந்தது. யார் செய்தார்கள் என்று கேட்டால் அது தொழில் ரகசியமாம். பாதிப் பணத்தைத் தரகர் எடுத்துக்கொண்டு மீதியில் யாரோ ஒரு பையனிடம் ஒப்படைத்திருக்கிறார். முறையிட ஓரிடமும் இல்லை, ரசீது இல்லை, 'பொழுதுபோக்கு விஷயம்தானே சார்' என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நீங்களே செய்யுங்கள். TOOTING என்ற பெயரைத் தொட்டியில் கையால் எழுதப் பார்க்காதீர்கள், அதற்குத் தங்க நிற டிரான்ஸ்ஃபர் வாங்கிவிடுங்கள். கடைசி வார்னிஷுக்கு எனாமல் சாட்டின் போதும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் லாக்கர் ஸ்ப்ரேயை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். எனாமல்மேல் அது பட்டால் மூன்று வார வேலையும் கண் முன்னாலேயே பொரிந்த அப்பளம் மாதிரி சுருண்டுவிடும்.