கறுப்பு மைக்குக் கீழே – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜோன்ஸ்டவுன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இறந்தவர்களின் உறவினர்கள் அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தைப் பயன்படுத்தி அரசு ஆவணங்களை வாங்கினார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த ஆவணங்களைத் தேடிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மை. இப்படி மறைத்துக் கொடுப்பதால் யாருக்கு என்ன பயன்? எல்லாவற்றையும் நடத்தியதே சி.ஐ.ஏ.தான், அதனால்தான் மறைக்கிறார்கள் என்கிறான் என் நண்பன். இன்னொன்று: ஒரு மதக் குழுவைப் பற்றிப் போலீஸ் சேர்த்து வைத்த காகிதத்தைக் கொண்டு அந்த மனிதர்களை அறிந்துகொள்ள முடியுமா? நம் ஊரில் இப்படிக் கேட்க வழி உண்டா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

கடைசிக்கு முந்தைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் மனதுக்கு நெருக்கமானது அதுதான்.

1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானாவில், ஜிம் ஜோன்ஸ் தலைமையிலான பீப்பிள்ஸ் டெம்பிள் என்ற மதக் குழுவின் ஆட்கள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரையானைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று மாலையே அந்தக் குழு அங்கே அமைத்திருந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில், ஜோன்ஸின் சொற்படி பானத்தில் சயனைடு கரைத்துக் கொடுக்கப்பட்டது. மொத்தம் 918 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 300 பேர் சிறுவர் சிறுமியர். எஃப்.பி.ஐ. விசாரித்தது ரையான் கொலையை. கோப்பின் பெயரே ‘ரைமர்’, ரையான் கொலை என்பதன் சுருக்கம். ஆனால் சாட்சியம் என்று அள்ளிக்கொண்டு வந்தபோது அந்தக் குடியிருப்பின் வாழ்க்கையே கூட வந்துவிட்டது. பாஸ்போர்ட்டுகள், சாமான் பட்டியல்கள், பயிர்க் கணக்குகள், கூட்டக் குறிப்புகள், ஜோன்ஸை ‘அப்பா’ என்று விளித்து உறுப்பினர்கள் எழுதிய கடிதங்கள், அப்புறம் ஏறக்குறைய ஆயிரம் ஒலிநாடாக்கள்.

அதனால் நீங்கள் நினைப்பதுபோல அது முழுக்கப் போலீஸ் எழுதியது இல்லை. பெரும்பகுதி அந்த மக்களே எழுதியதும் பேசியதும். எஃப்.பி.ஐ. ஆட்கள் ஒவ்வொரு நாடாவையும் கேட்டு எண் போட்டுக் குறிப்பு எழுதினார்கள். பல நாடாக்களுக்கு அவர்கள் எழுதிய குறிப்பின் சாரம் ஒன்றுதான்: இதில் விசாரணைக்கு உதவும் சாட்சியம் எதுவும் இல்லை. அப்படித் தள்ளப்பட்ட நாடாக்களில் என்ன இருக்கிறது? பாட்டு, பிரசங்கம், ஒலிபெருக்கியில் ஜோன்ஸ் வாசித்த செய்திகள், இரவுக் கூட்டங்களில் நடந்த சண்டைகள், ரேடியோவில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த டெம்பிள் ஆட்களுடன் பேசிய அன்றாட விஷயங்கள். கொலை விசாரணைக்கு உதவாதவை எல்லாம் அந்த மனிதர்கள் யார் என்று அறிய விரும்புகிறவர்களுக்குப் பொக்கிஷம்.

கடைசி நாள் பதிவான நாடாவின் எண் கியூ 042. அதில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் கூட்டத்தின் நடுவே எழுந்து ஜோன்ஸை எதிர்த்துப் பேசுகிறார். ரஷ்யாவுக்குப் போகலாமே, குழந்தைகளுக்கு வாழ உரிமை இல்லையா என்று வாதாடுகிறார். மற்றவர்கள் அவரைச் சத்தம் போட்டு அடக்குகிறார்கள். ‘எல்லோரும் மூளைச்சலவை செய்யப்பட்ட மந்தை’ என்று சொல்கிறவர்கள் அந்தச் சில நிமிடங்களைக் கேட்க வேண்டும். நான் அதைக் கேட்ட பிறகு ‘தற்கொலை’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இவற்றை வெளியே கொண்டுவரப் போராடியவர்களில் முக்கியமானவர்கள் ரெபெக்கா மூரும் அவர் கணவர் ஃபீல்டிங் மெகீயும். ரெபெக்கா மதவியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய சகோதரிகள் இருவர் ஜோன்ஸ்டவுனில் இறந்தார்கள். வெளியே வந்த நாடாக்களைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கும் வேலையைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து பல வருடங்களாகச் செய்துவருகிறார்கள். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்ததும் அவர்கள் முயற்சிதான். உரிமை கோர ஆளில்லாத நானூறுக்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்பட்ட, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து கல்லறையில் 2011இல் அந்தப் பெயர்கள் கல்லில் ஏறின.

உங்கள் நண்பர் சொல்லும் சி.ஐ.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். மெகீ 1978 டிசம்பரிலேயே சி.ஐ.ஏ.விடம் ஆவணம் கேட்டுவிட்டார். வருடக்கணக்கில் பதில் இழுத்தது, வழக்குப் போட்டார். அப்போது சி.ஐ.ஏ. சொன்னதைப் பாருங்கள்: நீங்கள் மனுக் கொடுத்த தேதி வரை எங்களிடம் இருந்த காகிதங்களை மட்டும்தான் தேடுவோம். சாவு நடந்தது நவம்பர் 18. மனு அடுத்த மாதம். இடையில் சில வாரங்களில் எவ்வளவு காகிதம் சேர்ந்திருக்கும்? அதற்குப் பிறகு எழுதப்பட்ட அறிக்கைகள் எல்லாம் கணக்கிலேயே வராது! போதாக்குறைக்கு, வேறு துறைகளிலிருந்து வந்த காகிதங்களை அந்தந்தத் துறைக்கே அனுப்பிவிட்டோம், அங்கே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். 1983இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. தாமதமாக்கிக்கொண்டே அப்படித் தேதி குறிப்பது நியாயம் என்று சி.ஐ.ஏ. நிரூபிக்கவில்லை என்றது. கையில் இருக்கும் காகிதத்தை அடுத்த துறைக்குத் தள்ளி இழுத்தடிப்பதும் மறைப்பதுதான் என்றது. தகவல் கேட்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

சதி நடந்தது என்பதற்கு இது சாட்சியம் ஆகாது. கறுப்பு மையும் ஆகாது. ஆனால் இப்படி இழுத்தடித்தால் சந்தேகம் வளராமல் என்ன செய்யும்? உங்கள் நண்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டத்தில் ஒன்பது விதிவிலக்குகள் உண்டு. இத்தகைய கோப்புகளில் அதிகம் பயன்படுவது தனிமனித அந்தரங்கம். ரகசியமாகத் தகவல் சொன்னவர் யார் என்பதும் மறைக்கப்படும். டெம்பிளைவிட்டு வெளியேறி, உயிருக்குப் பயந்துகொண்டே எஃப்.பி.ஐ.யிடம் பேசியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயரை மறைத்தது சரி என்றே நினைக்கிறேன். இறந்தவர்களின் பெயரை மறைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் இறந்துவிட்டார் என்று கேட்பவரே நிரூபிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தூதரகமே பட்டியல் எடுத்த சாவுகளுக்கு உறவினர்கள் எதற்காக நிரூபணம் தேட வேண்டும்? அந்தரங்கத்தின் பெயரால் அவர்களை இரண்டாம் முறை பெயரில்லாதவர்களாக்கும் வேலை அது.

சரி, நம் ஊர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உங்களுக்குத் தெரிந்ததுதான்: பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. உளவுத்துறை போன்ற அமைப்புகளைப் பிரிவு 24 விலக்கிவைக்கிறது. ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய புகார்கள் மட்டும் அதற்கு விதிவிலக்கு. ஆனால் ஒரு ஆசிரமத்தைப் பற்றியோ சபையைப் பற்றியோ அறிய உளவுத்துறைதான் வேண்டும் என்றில்லை. நில ஒப்படைப்பு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும், சங்கப் பதிவும் வருடாந்திரக் கணக்கும் பதிவுத்துறையில் இருக்கும், கட்டட அனுமதி உள்ளாட்சியில் இருக்கும். ‘ஏன் அனுமதித்தீர்கள்’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ‘அனுமதி வழங்கிய கோப்பின் நகல், குறிப்புப் பக்கங்கள் உட்பட’ என்று கேளுங்கள். 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு என்றால் பிரிவு 8(3)ஐக் குறிப்பிடுங்கள், மறுப்புக் காரணங்களில் பெரும்பாலானவை அதற்குச் செல்லாது. முதல் மனுவிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடாதீர்கள். ஒரு கோப்பை வாங்கி, அதற்குள் இருக்கும் கடித எண்களையும் தேதிகளையும் குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.