ஜிம் மாரிசன் தன் மரணத்தைப் பொய்யாக அறிவித்துவிட்டுத் தலைமறைவானார் என்பது உண்மையா?

கேள்வி இது: ‘தி டோர்ஸ்’ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் 1971இல் பாரிஸில் இறந்ததாகச் சொல்லப்பட்டபோது அவருடைய உடலை யாருமே பார்க்கவில்லை, பிரேதப் பரிசோதனையும் நடக்கவில்லை, ஆகவே அவர் இறந்ததாக நாடகமாடிவிட்டு எங்கோ வாழ்ந்தார் என்ற பேச்சில் உண்மை உண்டா?

இல்லை என்பதே என் பதில். அவர் 1971 ஜூலை 3ஆம் தேதி, ஒரு சனிக்கிழமை, தம் 27ஆம் வயதில் இறந்தார். மேற்கத்திய இசையில் எனக்குப் பெரிய பயிற்சி கிடையாது. புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரெஞ்சுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை மொழிபெயர்த்துக் கொடுத்துவருகிறேன். ஒரு பிரெஞ்சு இறப்புப் பதிவு எத்தனை பேரின் கையைக் கடந்து உருவாகிறது என்பதை அந்தத் தொழில் கற்றுக்கொடுத்தது. முகம் பார்க்காத ஒரு சாவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை எங்கள் வீடு கற்றுக்கொடுத்தது. இரண்டும் சேர்ந்துதான் இந்தப் பதிலை எழுதவைக்கின்றன.

முதலில் ‘உடலை யாருமே பார்க்கவில்லை’ என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். மாரிசன் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் பாரிஸுக்கு வந்து, தம் துணைவி பமேலா கூர்சனுடன் நான்காம் வட்டாரத்தில் போத்ரெய் தெருவின் 17ஆம் எண் கட்டடத்தில் தங்கியிருந்தார். குளியல் தொட்டியில் அவர் அசைவற்றுக் கிடந்ததைப் பமேலா கண்டார். நண்பர் ஒருவர் வழியாகச் செய்தி போய்த் தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். பாரிஸில் இத்தகைய அவசர அழைப்புகளுக்கு முதலில் வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. உடலைத் தொட்டியிலிருந்து தூக்கி வெளியே கிடத்தியவர்களும் அவர்களே. பிறகு காவலர்கள் வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். மருத்துவர் ஒருவர் உடலைப் பார்த்து, இதயம் நின்று நேர்ந்த இயற்கை மரணம் என்று சான்றளித்தார். அதற்குப் பிறகே நகராட்சியில் இறப்பு பதிவானது, அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. எங்கள் ஊரில் கடற்கரைச் சாலையில் இருக்கும் நகராட்சிக் கட்டடத்தை இன்றும் ‘மேரி’ என்றுதான் சொல்கிறோம். பிரான்சிலும் பிறப்பு இறப்புப் பதிவேடு இருக்கும் இடத்துக்கு அதே பெயர்தான். மருத்துவரின் சான்று இல்லாமல் எந்த மேரியிலும் எழுத்தர் அடக்க அனுமதி எழுதித் தரமாட்டார். தீயணைப்பு வீரர், காவலர், மருத்துவர், எழுத்தர், பெட்டி அடைத்தவர்கள் என்று ஒருவரையொருவர் அறியாத இத்தனை பேரும், தங்களுக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரிந்திராத ஓர் அமெரிக்கருக்காக ஒரே பொய்யைச் சொல்லி, அதை ஆயுள் முழுவதும் காத்திருக்க வேண்டும். அது நடக்கக்கூடியது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? குழுவின் மேலாளர் பில் சிடன்ஸ் அமெரிக்காவிலிருந்து பாரிஸ் வந்து சேர்ந்தபோது பெட்டி மூடப்பட்டிருந்தது. அவர் இறப்புச் சான்றைப் பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. ஜூலை 7ஆம் தேதி பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் நடந்த அடக்கத்தில் ஐந்தே பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் திரைப்பட இயக்குநர் ஆக்னஸ் வர்தா. ஜூலை 9ஆம் தேதிதான் செய்தி உலகத்துக்குச் சொல்லப்பட்டது. ஓராண்டுக்கு உள்ளாகவே ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்லின் ஆகிய ராக் இசைக்கலைஞர்களின் சாவைச் சூழ்ந்த ஆரவாரம் இங்கும் நேர்ந்துவிடக் கூடாது என்பதே அந்த மௌனத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். காரணம் நியாயமானது, விளைவு நேர்மாறானது. சிடன்ஸ் ஊர் திரும்பியதும் குழுவின் இசைக்கலைஞர் ரே மன்சரெக் முதலில் கேட்டது ‘முகத்தைப் பார்த்தாயா’ என்பதைத்தான். பார்க்கவில்லை என்ற பதிலோடு அவர் வாழ்நாள் முழுவதும் போராடினார். பல நேர்காணல்களில் அந்த ஐயத்தை அவரே எழுப்பினார். நண்பனை இழந்தவர் கேட்ட கேள்வி அது. அதை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் கதை கட்டியதுதான் வருத்தத்துக்குரியது.

பிரேதப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் மருத்துவர் இயற்கை மரணம் என்று சொல்லி, காவல்துறைக்கும் ஐயம் எழாதபோது பிரான்சில் அது கட்டாயமல்ல. அது நடக்காததால் அவர் எதனால் இறந்தார் என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது; போதைப்பொருள்தான் காரணம் என்றும், வேறோர் இடத்தில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்றும் பின்னாளில் சிலர் சொன்னார்கள். எப்படி இறந்தார் என்பது ஒரு கேள்வி, இறந்தாரா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான ஐயங்களை இரண்டாவதற்குச் சான்றாக வைப்பதில்தான் இந்தக் கதை முழுவதும் நிற்கிறது.

உடலைக் காட்டியிருந்தால் வதந்தி எழுந்திருக்காது என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் சாவை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் 1977 ஆகஸ்ட் 16 அன்று மெம்பிஸ் நகரத்தில் தம் 42ஆம் வயதில் இறந்தார். ஆகஸ்ட் 16 புதுச்சேரியின் சட்டபூர்வ இணைப்பு நாள் என்பதால் எனக்கு மறக்காத தேதி அது. அவருக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. மறுநாள் அவருடைய வீட்டிலேயே பெட்டி திறந்துவைக்கப்பட்டு, பல்லாயிரக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று முகத்தைப் பார்த்துச் சென்றார்கள். அந்த முகத்தின் படம் ஒரு வார இதழின் அட்டையிலும் வந்தது. அதற்குப் பின் என்ன சொன்னார்கள்? பெட்டியில் கிடந்தது மெழுகுப் பொம்மை என்றார்கள். 1988இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரத்தில் அவரைக் கண்டதாகச் செய்தி பரவியது. உடல் காட்டப்படாத மாரிசனுக்கும் காட்டப்பட்ட எல்விஸுக்கும் ஒரே கதைதான் வாய்த்தது என்றால், அந்தக் கதை சான்று இல்லாததால் பிறப்பதல்ல என்பது விளங்கும்.

எல்விஸ் விஷயத்தில் பெரிய ஆதாரமாக அவர்கள் காட்டுவது கல்லறையில் இருக்கும் பெயர். பிறந்தபோது நடுப்பெயரான ‘ஏரன்’ ஒரே ஓர் ‘ஏ’ எழுத்துடன் எழுதப்பட்டது. கல்லறையில் இரண்டு ‘ஏ’ இருக்கின்றன. ஆகவே உள்ளே இருப்பவர் அவரல்லர் என்கிறார்கள். விவிலியத்தில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே எல்விஸ் பிற்காலத்தில் விரும்பினார், தந்தை அப்படியே பொறித்தார் என்பதுதான் நடந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் இது வியப்பாக இருக்காது. இங்கே ஒரே முத்துசாமியின் பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் ‘ஓ, யு’ போட்டு ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் ஆங்கில முறைப்படி வேறு விதமாகவும் இருக்கும். அண்ணன் ஒரு எழுத்துக்கூட்டலிலும் தம்பி மற்றொன்றிலும் வாழ்ந்து முடிப்பார்கள். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழி எழுதிவாங்குவதில் என் வாழ்நாளில் பாதி போயிருக்கிறது. பதிவேடுகளோடு பழகியவர்கள் எழுத்து மாறியிருப்பதைக் கண்டு ஆளே மாறிவிட்டார் என்று எண்ணமாட்டார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் சித்தப்பா, 1962 இணைப்புக்குப் பிறகு கொடுக்கப்பட்ட ஆறு மாதத் தவணைக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் படைவீரரைச் ‘சொல்தா’ என்பார்கள்; ‘சொல்தா வீடு’ என்று எங்கள் வீட்டை பாகூரில் சொல்வது அதனால்தான். படையிலிருந்து வந்த பிறகும் பாரிஸ் அருகில் ஒரு புறநகரில் தனியாக வேலை பார்த்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1984ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. உடலைக் கொண்டுவர எங்களுக்கு வசதி இல்லை. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

என் ஆயா நம்ப மறுத்தார். “எம் புள்ள மொகத்த நான் பாக்கல. பாக்காம எள்ளுந்தண்ணியும் எறைக்காதே” என்று என் தந்தையைத் தடுத்துவிட்டார். நிலப் பங்கு காரணமாக அண்ணன் தம்பிக்குள் அதற்கு முந்தைய ஆண்டு மனத்தாங்கல் வந்திருந்தது. அந்தக் கோபத்தில் தன்னை இறந்தவனாகச் சொல்லிக்கொண்டு ஒளிந்திருக்கிறான் என்பது ஆயாவின் முடிவு. தந்தியில் சித்தப்பாவின் பெயரில் ஓர் எழுத்து தவறியிருந்தது; அது ஒரு சான்று. நண்பர் எழுதிய கடிதத்தில் எந்தக் கோயில் கயிறு கையில் இருந்தது என்று சொல்லவில்லை. அது இன்னொரு சான்று. விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் பாரிஸின் ‘கார் துய் நோர்’ ரயில் நிலையத்தில் சித்தப்பா சாயலில் ஒருவரைப் பார்த்ததாக வாய்தவறிச் சொன்னதற்குப் பிறகு, ஆயா வாசற்கதவைத் தாழிடாமலே படுக்கத் தொடங்கினார். ஏழு ஆண்டுகள் இப்படிப் போயின. கலமசூவில் எல்விஸைக் கண்டவர்களைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது.

1991இல் இந்தத் தொழிலுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தப் புறநகர் மேரிக்கு எழுதிச் சித்தப்பாவின் இறப்புப் பதிவின் முழுப் படியை வரவழைத்தது. பிரெஞ்சு இறப்புப் பதிவில் எதனால் இறந்தார் என்பது இருக்காது. நாள், நேரம், இடம், இறந்தவர் பிறந்த ஊர், அவருடைய தந்தை தாய் பெயர்கள், இறப்பை வந்து தெரிவித்தவர் யார் என்பவை இருக்கும். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன்’ என்ற வரியில் ஆயாவின் பெயரைப் படித்தேன். “என் பேரு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். சித்தப்பாவின் சட்டைப்பையில் இருந்த ஆவணத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்றேன். எழுத்தறியாத ஆயா, தம் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்து வந்த தை அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்விட்டு வா என்று என் தந்தையிடம் அவரே சொன்னார்.

தலைமறைவுக் கதையைச் சொல்பவர்கள் ஒரு நோக்கத்தையும் காட்டுவார்கள். மாரிசன் 1969 மார்ச் 1 அன்று மயாமியில் நடத்திய நிகழ்ச்சியில் மேடையில் அநாகரிகமாக நடந்துகொண்டதற்காக மறு ஆண்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதுதான் பாரிஸ் போனார். ஆகவே சிறைக்கு அஞ்சி ஒளிந்தார் என்பது வாதம். ஆனால் ஒளிந்தவருக்கு உடந்தையாக இருந்திருக்க வேண்டிய முதல் ஆளான பமேலா, மாரிசன் எழுதிவைத்த உயிலின்படி சொத்துக்காக வழக்காடிச் சோர்ந்து, 1974இல் தாமும் 27ஆம் வயதில் இறந்துபோனார். மாரிசன் வரவில்லை. அந்தத் தண்டனைக்கு 2010 டிசம்பரில் புளோரிடா மாநிலம் மன்னிப்பு அளித்தது. அப்போதும் வரவில்லை. ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுவேன் என்று அவர் நண்பர்களிடம் சொன்ன பேச்சைச் சான்றாகக் கொண்டால், சந்நியாசம் போகிறேன் என்று சொல்லிவிட்டு அன்று மாலையே வீடு திரும்பும் நம் ஊர்ப் பெரியவர்கள் அனைவரையும் காசியில் தேட வேண்டியிருக்கும்.

இது அமெரிக்க ரசிகர்களுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. நேதாஜி 1945 ஆகஸ்ட் 18 விமான விபத்தில் இறக்கவில்லை என்று பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மேடைகளில் சொன்னதை நம் பெரியவர்கள் கேட்டு வளர்ந்தார்கள். அதை விசாரிக்க மூன்று முறை குழுவும் ஆணையமும் அமைக்கப்பட்டன. அங்கே ஒரு நாட்டின் வரலாறு சம்பந்தப்பட்டிருந்ததால் விசாரித்தது தகும். மாரிசனின் கதையில் சம்பந்தப்பட்டவர்கள் ஒரு தாயும் தந்தையும் உடன்பிறந்தோரும்தான்.

அந்தத் தந்தையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜார்ஜ் ஸ்டீஃபன் மாரிசன் அமெரிக்கக் கடற்படையில் அட்மிரல். மகன் புகழ்பெறத் தொடங்கிய நாளில், தம் பெற்றோர் உயிரோடு இல்லை என்று விளம்பரக் குறிப்பில் சொல்லிவிட்டார். உயிரோடு இருப்பவர்களை இறந்தவர்களாகச் சொன்னவர் மகன்; அதைப் படித்துப் பொறுத்துக்கொண்டவர் தந்தை. ஒளிந்து வாழும் மகன் என்ற கதையில் ஆறுதல் தேட உலகில் யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அது அவருக்குத்தான்.

2009இல் ஒரு வேலையாகப் பிரான்ஸ் போனபோது முதலில் சித்தப்பாவின் அடக்க இடத்தைத் தேடினேன். கட்டணம் செலுத்தாத குழியை ஐந்தாண்டுகள் கழிந்ததும் நகராட்சி திரும்ப எடுத்துக்கொள்ளும். எலும்புகளைப் பொது அறைக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்க ஒன்றும் இல்லாததால் மறுநாள் பெர் லாஷேஸ் போனேன். மாரிசனின் கல்லறையைச் சுற்றித் தடுப்பு வைத்திருந்தார்கள். ரசிகர்கள் வைத்த பூக்கள் கிடந்தன. அவருடைய தந்தை வைத்த வெண்கலப் பட்டயம் கல்லில் பதிந்திருக்கிறது. முழுப் பெயர் ஜேம்ஸ் டக்ளஸ் மாரிசன், 1943–1971. அதற்குக் கீழே கிரேக்க மொழியில் ஒரே வரி: தன் உள்ளுயிர் காட்டிய வழியே வாழ்ந்தவன் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது ஆண்டை உலோகத்தில் வார்க்கச் சொன்னபோது அந்தத் தந்தையும் மகனின் முகத்தைப் பார்த்திருக்கவில்லை.